ஜன்னலில் ஒன்று, விளக்கில் இரண்டு

பிப்ரவரி 9

வாலுவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். உன் அண்ணிதான். கிழிக்காமல் படி.

உன் அண்ணனின் சட்டைப் பையில் உன் கடிதம் ஒன்று இருந்தது. துவைக்கப் போடும்முன் பையைத் துழாவுவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது எனக்குத் தெரியாது என்று உங்களுக்கு நினைப்பு. ஒரு பீப்பாய் வெள்ளையில் ஒரு கரண்டி மஞ்சள் கூடினால் கண்டுபிடிக்கிறவளுக்கு வீட்டுக்குள் நடப்பது தெரியாதா? உறையிலிருந்து முகவரியைக் குறித்துக்கொண்டு திரும்ப வைத்துவிட்டேன்.

போனில் பேசியிருக்கலாம். நீ பாதியில் வைத்துவிடுவாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் வைத்தாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பெயிண்ட் கம்பெனியில் அந்த நாற்காலி உனக்கு நினைவிருக்கும். கலர் ரூமில், நேர் வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கத்தில், தலைமை ஆள் உட்காரும் நாற்காலி. அவர் போன மாதம் வேலையை விட்டுப் போனார். நம் முதலாளிப் பெரியவர் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். "அவசரப்படாதேம்மா. அது உன் நாற்காலி. எங்க ஓடிடப் போகுது?" நாற்காலி ஓடவில்லை. பெரியவரின் மருமகன் வந்து உட்கார்ந்துவிட்டான். கூடவே ஒரு மெஷின். கலரை அதன் கண்ணில் காட்டினால் எண்ணாகச் சொல்லும்.

எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பதினெட்டு வருஷம் ஒரே இடத்தில் இருந்ததற்காகச் சுவர்க் கடிகாரம். நடுவில் கம்பெனி முத்திரை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

ராஜினாமா எழுத ஒரு தாள் எடுத்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. நீ நாலு இடம் மாறியவள். எப்படிப் போவது என்று சொல்.

சும்மா போக எனக்கு மனமில்லை. அவருக்கு வலிக்க வேண்டும். நீ போனபோது அவருக்கு வலிக்கவில்லை. மறுநாளே உன் ஸ்டூலில் ஆள் உட்கார்ந்தாயிற்று.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். எங்கேயாவது அந்த நாளைப் பற்றி ஒரு வரி இருக்குமோ என்று.

இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பஸ் நிறுத்தத்துப் புதுத் தரை. மழை நின்று, பாதி காய்ந்து, பாதி காயாத சிமெண்ட். அந்தச் சாம்பலை ஒரு டப்பாவுக்குள் கொண்டுவர நான் ஒரு கோடை முழுக்க அட்டை அட்டையாகப் பூசினேன். நீங்கள் பக்கத்து ஸ்டூலில் இருந்தீர்கள். 'ஈரச் சிமெண்ட்' என்று நாம்தான் பெயர் வைத்தோம். 'இதைப் போய் யாரு வீட்டுக்கு அடிப்பா, வாலு?' என்று சிரித்தீர்கள். ஊரே அடித்தது.

பெரியவர் கலர் ரூமுக்கு வந்தார். எல்லோரும் நின்றோம். "யாரு செஞ்சது இது?" என்றார். என் கையில் பிரஷ் இருந்தது. நீங்கள் சீனியர். நீங்கள் சொன்னால்தான் சொன்னது. நான் உங்களைப் பார்த்தேன்.

"கலர் ரூம் செஞ்சதுங்க, ஐயா."

அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது அந்தப் பதில். தன் மகளின் பெயரை அந்த ஷேடுக்கு வைத்தார். நான் கத்தினேன். அன்றே வெளியே வந்தேன். நீங்கள் கேட் வரைக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு நாலு இடம். ஒவ்வோர் இடத்திலும் முதல் வாரம் டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். சில மாதம் கழித்து யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உடனே எனக்குக் கிளம்பத் தோன்றும். கிளம்புவது ஒரு பழக்கம். தங்குவதும் பழக்கம்தான். உங்களுடையதற்கு மட்டும் விசுவாசம் என்று பெயர் வைத்து, கடிகாரம் கொடுக்கிறார்கள்.

எப்படிப் போவது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

கலர் ரூமைக் கேளுங்கள். அது சொல்லும்.

வாலு


மார்ச் 4

வாலுவுக்கு,

நல்ல பதில். ஆறு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாய் போலிருக்கிறது.

உன் அண்ணன் அப்போது பஸ் ஓட்ட முடியாமல் காலில் கட்டோடு படுத்திருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே அறையில் வேலை செய்வது பெரியவருக்குப் பிடிக்காது. ஒருத்தியைத் தூக்கிவைத்துச் சொன்னால் மற்றவள் எதற்கு என்று கேட்கிற ஆள். அன்று நான் யோசித்தது அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. மறுபடி அதே நாள் வந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

போன வாரம் நான் பெரியவரின் அறைக்குப் போனேன். கேட்டே விட்டேன்.

"ஐயா, அந்த நாற்காலி..."

"நாற்காலியா? உட்கார வசதியா இல்லையாம்மா? வேற வாங்கச் சொல்றேன்."

"அத சொல்லல ஐயா. தலைமை வேலை எனக்குன்னு சொல்லியிருந்தீங்க."

அவர் சிரித்தார். "நீ என் மக மாதிரி. மக இருக்கும்போது மருமகன் உட்காந்தா என்ன? நம்ம குடும்பம்தானே!"

மகள் மாதிரி. பதினெட்டு வருஷமாக நான் மாதிரி. மாதிரி அட்டையை யாரும் சுவரில் அடிப்பதில்லை, வாலு. பார்த்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போடுவார்கள்.

கடிகாரத்தை உன் அண்ணன் கூடத்தில் மாட்டிவிட்டார். நான் வேண்டாம் என்றேன். "ஏன், நல்லா ஓடுதே. பழி கடிகாரத்து மேலயா?" என்கிறார். அவர் ஸ்டூலில் ஏறி ஆணி அடித்த சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது.

சரி. உன்னிடம் யோசனை கேட்டது தப்பு. நானே யோசித்துவிட்டேன்.

புதிதாகக் கட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உன் சாம்பலைத்தான் கேட்டிருக்கிறார்கள். நடைவழி முழுக்க. ஜன்னலே இல்லாத நடைவழிகள், நாள் முழுக்க விளக்கு எரியுமாம். கம்பெனிக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். பெரியவர் தூக்கத்தில்கூட அதையேதான் பேசுவார் என்று நினைக்கிறேன்.

இதனுடன் இரண்டு அட்டைகள். முதலில் ஜன்னலில் பார். பிறகு விளக்கில் பார். புரிந்தால் எழுது. புரியவில்லை என்றால் மாறி மாறித் திரிந்ததில் உனக்குக் கண் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணி


மார்ச் 13

அண்ணி,

ஜன்னலில் வைத்தேன். இரண்டும் ஒன்று. விளிம்பும் விளிம்பும் ஒட்டவைத்தேன். கோடுகூடத் தெரியவில்லை.

அறைக்குள் வந்து விளக்கைப் போட்டேன்.

ஒன்று என் சாம்பல். மற்றது கன்னம் சிவந்துபோய் நின்றது. காய்ச்சல்காரனின் கன்னம்.

அணைத்தேன். போட்டேன். அணைத்தேன். வீட்டுக்காரம்மா கீழேயிருந்து கத்தினார். "என்ன, சுவிட்ச் கெட்டுப்போச்சா?"

முதலாவது, கறுப்பும் காவியும் போட்டு நான் செய்த கலவை. இரண்டாவதில் கறுப்பே இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் ஒன்றையொன்று அடித்துப்போட்டுச் சாம்பல் ஆகியிருக்கின்றன. வெயிலில் இரட்டைப் பிள்ளைகள். விளக்கில் யாரோ, யாரோ. ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் நாம் இதைத் தெரியாமல் செய்துவிட்டு, விடுமுறை முழுக்க உட்கார்ந்து திரும்பக் கலந்து கொடுத்தோமே. அதைத் தெரிந்தே செய்யலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அட்டைகளுக்குப் பின்னால் வழக்கம்போலக் கலவை அளவும் உங்கள் கையெழுத்தும். சதி செய்யும்போதும் பழக்கம் விடவில்லை. சிரித்தேன். நான் சிரித்து நாளாயிற்று.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள். அந்த ஆஸ்பத்திரியைக் கட்டுகிற கம்பெனியில்தான் நான் வேலை செய்கிறேன். வருகிற பெயிண்டைத் திறந்து, அட்டையில் பூசி, காயவைத்து, ஒப்பிட்டு, கையெழுத்துப் போடுவது நான். லாரி நிற்கும் முற்றத்தில். பட்டப்பகலில். அங்கே எப்போதும் அப்படித்தான். அண்ணன் உங்களிடம் சொன்னதில்லையா?

நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு நிபந்தனை. விளக்குகள் எரிகிற அன்று நீங்களும் ராஜினாமா கொடுக்க வேண்டும். நானும் கொடுப்பேன். இங்கே ஒரு தச்சுக்கடையின் மாடியில் அறை ஒன்று காலியாக இருக்கிறது. பெரிய ஜன்னல். வெயில் நேராக விழாது. சின்னக் கடைகளுக்கு ஷேடு கலந்து கொடுக்கலாம். இரண்டு ஸ்டூல். தலைமை நாற்காலி வேண்டாம்.

வருவீர்களா? இது மட்டும்தான் கேள்வி.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

வருகிறேன். உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

வேலை ஆரம்பித்துவிட்டது. ஒரு கலவை உன் முறையில், அடுத்தது என் முறையில். டப்பாக்களைக் கலந்து அடுக்கச் சொல்லியிருக்கிறேன். பெயிண்டர்கள் கைக்கு வந்ததைத் திறந்து அடிப்பார்கள். ஒரு சுவர் அப்படி, ஒரு சுவர் இப்படி. ஒரே சுவரில் பாதி அப்படி, பாதி இப்படி.

கலக்கும்போது அளவு தப்பும் என்று பயந்தேன். தப்பவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக நான் கலந்ததில்லை. மத்தியானம் சாப்பாடுகூட மறந்துபோயிற்று. அந்த ஆள் என்னை மகள் மாதிரி என்று சொன்ன வாயைத் திறந்து மூடாமல் நிற்பதை நினைத்துக்கொண்டே கரண்டியைச் சுற்றுகிறேன். பழிவாங்குவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று ஏன் யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை?

மருமகனைப் பற்றி எழுத வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எரிச்சல். வந்த அன்றே தன் டம்ளரைத் தானே கழுவினான். என்னை மேடம் என்கிறான். போன வாரம் மெஷினைத் தூக்கிக்கொண்டு என் ஸ்டூலுக்கு வந்தான்.

"மேடம், இதுல மூணு வெளிச்சம் இருக்கு. பகல், டியூப் லைட்டு, மஞ்ச பல்பு. எதுல வைக்கட்டும்?"

"பகல்ல வையுங்க தம்பி. பார்ட்டி பகல்லதான் பாப்பாங்க."

"மத்த ரெண்டுலயும் ஒருக்கா பாத்துட்டா?"

"ஆர்டர் பெருசு. ஒவ்வொண்ணுக்கும் மூணு தடவைன்னா லாரி போய்ச் சேராது."

"நீங்க சொன்னா சரி மேடம். உங்க கண்ணுக்கு முன்னாடி இதெல்லாம் பொம்மை."

அவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைக்கிறான். அன்று டீயைப் பாதியில் வைத்தேன். அப்புறம் எடுத்துக் குடித்துவிட்டேன்.

முதல் லாரி இருபதாம் தேதிக்கு மேல் வரும்.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணி,

வந்தது. இறங்கியது.

ஸ்டோர்காரர் வெற்றிலை இல்லாமலே மெல்லுகிற மனிதர். டப்பாவைத் திறந்துவிட்டு, "இதுல என்னம்மா பாக்க இருக்கு? சாம்பல்னா சாம்பல்" என்றார்.

"சாம்பல்ல சாம்பல் இருக்குங்க."

"அப்ப நீயே பாத்துக்க. என் பொண்டாட்டி புடவைக் கடையில இப்படித்தான். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். ரெண்டையும் வெயிலுக்கு எடுத்துட்டுப் போவா."

அவர் மனைவியை நினைத்துக் கொஞ்சம் பயந்தேன்.

பூசினேன். காய்ந்தது. வெயிலில் பிடித்தேன். ஆறு வருஷம் கழித்து என் சாம்பல் என் கையில். டப்பாவில் வேறொருத்தியின் பெயர். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து இவ்வளவு தெளிவாக இதுவரை விழுந்ததில்லை.

மாடி அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். ஜன்னலில் பழைய மரத்தூள். துடைத்தேன். ஸ்டூல் ஒன்று தச்சர் கொடுத்தார். இன்னொன்று செய்யச் சொல்லியிருக்கிறேன், உங்கள் உயரத்துக்கு. நீங்கள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கும் என்பீர்களே.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உங்கள் மேல் கோபமாக இருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. அது இருந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. கொஞ்சம் குளிர்கிறது.

வாலு


மே 19

அண்ணி,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. எரிந்துவிட்டன. விளக்குகளைச் சொல்கிறேன்.

காலையில் மெயின் சுவிட்சைப் போட்டார்கள். நடைவழியின் முழு நீளமும் ஒரே நேரத்தில் எரிந்தது. அதுவரை கதவு மாட்டாத வாசல்களில் வந்த பகல் வெளிச்சத்தில்தான் அடித்திருந்தார்கள். சுவருக்குத் தோல்வியாதி வந்தது போல இருந்தது. இங்கே சாம்பல், அங்கே சிவந்த திட்டு, கதவுக்கு ஒரு பக்கம் அப்படி, மறு பக்கம் இப்படி. பெரிய டாக்டர் ஒருவர் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முகர்ந்தார். இன்ஜினியர் "ஈரமா?" என்றார். யாரோ, "ஆஸ்பத்திரிக்கே உடம்பு சரியில்ல சார்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினேன். அழுகையாகவும் இருந்திருக்கலாம்.

உங்கள் பெரியவரை வரவழைத்தார்கள். மறுநாளே வந்தார். நடைவழியின் நடுவில் நின்றார். சிறுத்துப்போயிருந்தார். எல்லாவற்றையும் திரும்ப அடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் இனி ஒரு டப்பாகூட வாங்க மாட்டோம் என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். இந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் ஆறு வருஷம் உயிரை வைத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் நேராகப் பார்த்தேன்.

"தண்ணி கொஞ்சம் கிடைக்குமாம்மா?" என்றார்.

என்னை யார் என்று தெரியவில்லை, அண்ணி. கொஞ்சம்கூட.

கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

ராஜினாமா என் பையில் இருந்தது. எடுக்கும் முன்பே என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கையெழுத்து என்னுடையதுதானே. பரவாயில்லை. எனக்கு இது ஐந்தாவது வாசல்.

ஸ்டூல் தயார். எப்போது வருகிறீர்கள்?

வாலு


ஜூன் 6

வாலுவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் உண்டு. பொறுமையாகப் படி.

பெரியவர் உங்கள் ஊரிலிருந்து நேராகக் கலர் ரூமுக்கு வந்தார். செருப்பைக்கூட மாற்றவில்லை. எல்லோரும் நின்றோம். உனக்கு அந்தக் காட்சி தெரியும்.

"யாரு செஞ்சது இது?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தான். நான் சீனியர்.

"கலர் ரூம் செஞ்சதுங்க, ஐயா."

என் வாயில் வேறு வார்த்தை இல்லை. யோசித்துச் சொன்னேன் என்று நினைக்காதே. தானாக வந்தது. சொன்ன பிறகுதான் பார்த்தேன், எல்லோரும் தலைமை நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அவன் எழுந்தான். "நான்தான் மாமா. பகல் வெளிச்சத்துல மட்டும் வச்சேன். மத்ததுல பாக்கல" என்றான். யார் அப்படி வைக்கச் சொன்னது என்று அவன் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எல்லார் முன்னாலும் பெரியவர் அவனைத் திட்டிய திட்டை நான் எழுத மாட்டேன். அந்த வாரமே அவனும் பெரியவரின் மகளும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று தெரியாது.

அப்புறம் பெரியவர் நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "இனிமே நீதாம்மா. நீ பாத்திருந்தா இது நடந்திருக்காது" என்றார்.

உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதுச் சாம்பல் கலக்க வேண்டும். என்னைத் தவிர ஆள் இல்லை. அது முடிகிற வரைக்கும்தான். உனக்கு வேலை போனதை உன் அண்ணன் சொன்னார். வருத்தமாக இருந்தது. நீ சமாளித்துக்கொள்வாய். உனக்குப் பழக்கம்தானே?

ஸ்டூலை யாருக்கும் கொடுத்துவிடாதே.

அண்ணி


ஜூன் 15

அண்ணிக்கு,

சரி.

வாலு


அக்டோபர் 11

வாலு,

உன் ஒற்றை வார்த்தைக்குப் பிறகு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. இதற்காவது போடு.

நாற்காலி வெறும் நாற்காலிதான். உட்கார்ந்த மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் சாய்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் அந்தப் பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

பெரியவர் தினமும் வருகிறார். மகள் போன் செய்வதில்லையாம். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்காருகிறார். உன் ஸ்டூல். இப்போதெல்லாம் 'மாதிரி' இல்லை. "நீதான் என் மக" என்கிறார். ஒவ்வொரு அட்டையையும் ஜன்னலில் காட்டச் சொல்லிப் பார்க்கிறார். பிறகு எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டுப் பார்க்கிறார். அந்த சுவிட்ச் சத்தம் கேட்டால் என் முதுகு வேர்க்கிறது.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் மருமகனைப் பார்த்தேன். வேறு எங்கோ வேலையாம். இளைத்திருந்தான். தலையைத் திருப்பிக்கொள்வான் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றான். அவ்வளவுதான். அவன் பஸ் வந்துவிட்டது. நான் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினேன்.

இனி இங்கே என்னால் முடியாது. இந்த முறை தாளை முழுதாக எழுதிவிட்டேன். 'மதிப்பிற்குரிய ஐயா'வுக்குக் கீழே எட்டு வரி. ஒன்றாம் தேதி கொடுக்கப்போகிறேன். உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். "போலாம், தங்கச்சி பக்கத்துல இருந்த மாதிரியும் ஆச்சு" என்கிறார்.

அந்த மாடி அறை இன்னும் இருக்கிறதா? ஸ்டூல்?

என்னைக் கூப்பிடு, வாலு. ஒரு வரி போதும்.

அண்ணி


அக்டோபர் 20

அண்ணிக்கு,

முதலில் உங்களை 'நீ' என்று எழுதிப் பார்த்தேன். கை ஒத்துழைக்கவில்லை. கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அறை இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இரண்டு கடைகளுக்குக் கலந்து கொடுக்கிறேன். தச்சர் கீழேயிருந்து அவ்வப்போது, "மேல ஆள் இருக்கா, கலர் மட்டும்தான் இருக்கா?" என்று குரல் கொடுப்பார். உங்கள் ஸ்டூலில் டப்பாக்களை அடுக்கியிருக்கிறேன். உயரம் சரியாக இருக்கிறது.

தனியாக இருந்தால் பழைய கடிதங்களைப் படிக்கத் தோன்றும். படித்தேன். உங்கள் முதல் கடிதத்தை மட்டும் பல தடவை.

அண்ணனின் பையில் உறை மட்டும் இருக்கவில்லை. உள்ளே என் கடிதமும் இருந்தது. அதில்தான், புது ஆஸ்பத்திரி கட்டுகிறோம், பெயிண்டுக்குக் கையெழுத்துப் போடுவது நான் என்று அண்ணனுக்கு எழுதியிருந்தேன். தேதிகூட நினைவிருக்கிறது. உறையைப் பார்த்து முகவரியைக் குறித்தவர் உள்ளே இருந்ததைப் படிக்காமல் வைத்திருப்பாரா? ஒரு கரண்டி மஞ்சளைக் கண்டுபிடிக்கிறவர்?

எப்படிப் போவது என்று கேட்கவில்லை நீங்கள். உங்களுக்கு வேண்டிய ஒரு கையெழுத்தைத் தேடி வந்தீர்கள். நான் ஸ்டூல் செய்யக் கொடுத்தேன்.

ஜன்னலில் நாம் இருவரும் ஒரே சாம்பல், அண்ணி. நான் விளக்கைப் போட மறந்துவிட்டேன்.

இதனுடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். என் கலவையில் நீங்கள் பூசியது. அது எனக்கு வேண்டாம். மற்றது, சிவக்கிறது, என்னிடம் இருக்கும். பின்னால் நீலம் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்று வரிசையாக இருக்கிறது. கீழே தேதி. கீழே நீங்கள். பூசிய அட்டையில் கையெழுத்துப் போடாமல் உங்களால் இருக்க முடியாது. பதினெட்டு வருஷப் பழக்கம்.

ராஜினாமாவைக் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் அந்த நாற்காலியை விட்டு எழுந்த மறுநாள் அந்தச் சிவக்கிற அட்டை பெரியவரின் மேஜைக்குப் போகும். அவருக்கு இப்போது விளக்கைப் போட்டுப் பார்க்கத் தெரியும், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய மகள் ஏன் போன் செய்வதில்லை என்பதும் அன்று தெரிந்துவிடும். மருமகனையும் தேடிப் பிடிப்பேன். எனக்கும் அடி விழும். விழட்டும். நான் கிளம்பிப் பழகியவள். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வேறொன்றும் கேட்கவில்லை. இருங்கள். காலையில் போங்கள், அந்தச் சாய்ந்த நாற்காலியில் உட்காருங்கள். அவர் என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரட்டும். மகளே என்று கூப்பிடட்டும். அவர் எழுந்து சுவிட்சுப் பக்கம் போகும் ஒவ்வொரு தடவையும் என்னை நினையுங்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள், தங்கை பக்கத்தில் வரவேண்டாம், தூரத்திலேயே நன்றாக இருக்கிறாள் என்று. அப்படியே கூடத்துக் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுவைக்கச் சொல்லுங்கள். அது இன்னும் ரொம்ப காலம் ஓட வேண்டியிருக்கிறது.

வாலு